குக்கி ரோஹாஸ்: ஒன்பது இடங்களிலும் ஆடிய ஹவானாக்காரர் பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

பேஸ்பால் பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் நான் கடைசியில் குக்கி ரோஹாஸிடம்தான் வந்து நிற்பேன். உடனே கேள்விகள் வரும், பெரும்பாலும் அதே கேள்விகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். பேஸ்பால் தெரியாதவர்கள் மேலிருந்து படித்து வாருங்கள், தெரிந்தவர்கள் நடுவிலிருந்து ஆரம்பித்தாலும் சரி.

யாருங்க இந்த குக்கி ரோஹாஸ்? பேரே கேள்விப்பட்டதில்லையே?

1939 மார்ச் 6 அன்று கியூபாவின் ஹவானாவில் பிறந்தவர். 1962 முதல் 1977 வரை அமெரிக்க பேஸ்பாலின் உச்சமான மேஜர் லீக்கில் 16 சீசன்கள், 1,822 ஆட்டங்கள், 1,660 ஹிட்டுகள், அதாவது பந்தை அடித்து பேஸை எட்டிய தடவைகள். யுட்டிலிட்டி இன்ஃபீல்டராக ஆரம்பித்தவர், அது என்ன என்று கீழே சொல்கிறேன். சின்சினாட்டி ரெட்ஸ், பிலடெல்பியா ஃபில்லீஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ், கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் என்று நான்கு அணிகள். ஐந்து முறை ஆல்ஸ்டார், அதாவது அந்த வருடத்தின் சிறந்தவர்கள் அணியில் தேர்வு. மெலிந்த உடம்பு, மூக்குக் கண்ணாடி. போட்டோவைப் பார்த்தால் கணக்கு வாத்தியார் என்றுதான் நினைப்பீர்கள். அப்பா அவரை டாக்டராக்கப் பார்த்தார், பையன் மைதானத்துக்குப் போய்விட்டார்.

குக்கின்னா பிஸ்கட்டா? அது எப்படி ஒரு ஆளுக்குப் பேராச்சு?

பிஸ்கட்டுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. முழுப் பெயர் ஆக்டாவியோ விக்டர் ரோஹாஸ். சின்ன வயதில் வீட்டில் அம்மா செல்லமாகக் கூப்பிட்ட பெயர் ஸ்பானிஷில் ‘குக்கி’. அமெரிக்கா போனதும் ஆங்கிலம் பேசுகிறவர்கள் காதில் அது அவர்கள் ஊர்ப் பலகாரத்தின் பெயராக விழுந்தது, அப்படியே ஒட்டிக்கொண்டது. நம் வீடுகளில் கண்ணு, குட்டி என்று கூப்பிட்ட பெயர் கடைசிவரை நிற்பதில்லையா, அது மாதிரிதான். இன்னொன்று, இவர் ரோஜாஸ் இல்லை, ரோஹாஸ். ஸ்பானிஷில் அந்த எழுத்துக்கு ‘ஹ’ ஓசை.

யுட்டிலிட்டி இன்ஃபீல்டர்னா என்ன வேலை?

பேஸ்பால் களத்தில் பந்து எறியும் பிட்சர், பேட் பிடிப்பவருக்குப் பின்னால் நின்று பிடிக்கும் கேட்சர் போக, ஓடுபவர் தொட வேண்டிய பேஸ்களைச் சுற்றிய உள்வட்டத்தில் நான்கு பேர் நிற்பார்கள்: முதல் பேஸ், இரண்டாம் பேஸ், மூன்றாம் பேஸ், அப்புறம் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில் ஷார்ட்ஸ்டாப். இந்த நாலும்தான் இன்ஃபீல்டு. ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நிரந்தர ஆள் இருப்பார். அவர்களில் யாருக்காவது அடிபட்டாலோ, ஓய்வு கொடுத்தாலோ, ஆட்டத்தின் நடுவில் மாற்ற வேண்டி வந்தாலோ எந்த இடத்திலும் போய் நிற்கக்கூடிய ஆள்தான் யுட்டிலிட்டி இன்ஃபீல்டர்.

சொல்லும்போது சுலபமாகத் தெரியும். ஆனால் மூன்றாம் பேஸில் நிற்பவருக்குப் பந்து யோசிக்க நேரம் தராமல் வரும். ஷார்ட்ஸ்டாப்புக்கு ஓடவும் வேண்டும், நீளமாக எறியவும் வேண்டும். இரண்டாம் பேஸில் டபுள் பிளே முடிக்கும்போது, அதாவது ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்கும்போது, ஓடி வருகிறவன் காலை வாரப் பார்ப்பான். அந்த நேரத்தில் திரும்பி முதல் பேஸுக்கு எறிய வேண்டும். இடத்துக்கு இடம் கோணமும் கால் வைப்பும் மாறும். நேற்று ஒரு இடம், இன்று இன்னொன்று என்று நின்றும் தப்பு செய்யாமல் இருப்பது தனித் திறமை, இதை யாரும் போதுமான அளவு பாராட்டுவதில்லை என்பது என் ஆதங்கம்.

அப்போ கிரிக்கெட்ல ஆல்ரவுண்டர் மாதிரியா?

இல்லை. ஆல்ரவுண்டர் அணியின் நட்சத்திரம், பேட்டிங்கும் பவுலிங்கும் இரண்டுமே அவர் கையில். யுட்டிலிட்டி ஆள் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர். அவசரத்துக்கு விக்கெட் கீப்பிங், இன்னொரு நாள் ஸ்லிப், இன்னொரு நாள் ஓப்பனிங் என்று ஒருவரை மாற்றி மாற்றி நிற்க வைத்து, ‘நாளைக்கு ஆடுவேனா’ என்று அவருக்கே தெரியாமல் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? ஓரளவு அது மாதிரி.

ஒன்பது இடத்திலும் ஆடினார்னு சொல்றாங்களே, நிஜமாவா? கேட்சராகவுமா?

நிஜம்தான். கேட்சராகவும் நின்றார், உள்வட்டத்துக்கு வெளியே இருக்கும் அவுட்ஃபீல்டில் மூன்று பக்கமும் நின்றார். கடைசியாக மிச்சமிருந்தது பிட்சிங். அதையும் 1967 ஜூனில், தோற்றுக்கொண்டிருந்த ஓர் ஆட்டத்தில், சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸுக்கு எதிராக ஒரு இன்னிங்ஸ் (பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ்) போட்டு முடித்தார், ரன் கொடுக்கவில்லை. ஒன்பதையும் ஃபில்லீஸ் சட்டையிலேயே முடித்தார்.

பலர் இதை இன்னொரு கியூபாக்காரரோடு குழப்பிக்கொள்கிறார்கள். ஒரே ஆட்டத்தில் ஒன்பது இடங்களிலும் நின்றவர் பெர்ட் காம்பனேரிஸ், 1965 செப்டம்பர் 8, கான்சாஸ் சிட்டி அத்லெடிக்ஸ் அணிக்காக. அது கூட்டம் சேர்ப்பதற்காக அறிவித்து நடத்தியது. ரோஹாஸ் ஒன்பதையும் தொட்டது ஆள் தேவைப்பட்டதால், வருடக் கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக. எனக்கு இரண்டாவதுதான் பெரிதாகப் படுகிறது.

கியூபாவுல எப்படி ஆரம்பிச்சார்?

1956-இல் ரெட்ஸ் ஒப்பந்தம் போட்டது, அப்போது வயது 17. அமெரிக்கச் சிறு நகர அணிகளில் சில வருடம் சுற்றிவிட்டு 1959-இல் சொந்த ஊருக்கே வந்தார், ஹவானா ஷுகர் கிங்ஸ் அணிக்கு. இந்த அணியைத் தனியாகச் சொல்ல வேண்டும். பாபி மதூரோ என்ற கியூபாக்காரர் நடத்திய அணி, ரெட்ஸின் கிளை, மேஜர் லீக்குக்கு ஒரு படி கீழே இருந்த இன்டர்நேஷனல் லீக்கில் ஆடியது. ‘இன்னும் ஒரு படி, வந்து சேர்ந்துவிடுவோம்’ என்பதுதான் அவர்களின் முழக்கம். ஹவானாவுக்கு மேஜர் லீக் அணி ஒன்று வரும் என்று மனதார நம்பியவர்கள் அவர்கள்.

1959-இல் பிரெஸ்டன் கோமெஸ் பயிற்சியில் அந்த அணி லீக் கோப்பையை வென்று, ஜூனியர் வேர்ல்டு சீரிஸில், அதாவது அந்தப் படியில் இருந்த லீக்குகளின் சாம்பியன்கள் மோதும் தொடரில், மின்னியாபொலிஸ் மில்லர்ஸைச் சந்தித்தது. மின்னியாபொலிஸில் குளிர் தாங்காமல் மிச்ச ஆட்டங்களை எல்லாம் ஹவானாவுக்கே மாற்றினார்கள். ஃபிடல் காஸ்ட்ரோ வந்து உட்கார்ந்து பார்த்தார். ஏழாவது ஆட்டத்தில் ஹவானா ஜெயித்தது. எதிரணி மேனேஜரின் பெயர் ஜீன் மாக். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், மறுபடி மறுபடி வரும்.

மைதானத்துல துப்பாக்கிச் சூடு நடந்துச்சாமே?

நடந்தது, அதே 1959-இல். ஜூலை 25 ராத்திரி ஆரம்பித்த ஆட்டம் நள்ளிரவைத் தாண்டிப் போனது. ஜூலை 26 காஸ்ட்ரோவின் புரட்சி இயக்கத்தின் நாள், பன்னிரண்டு அடித்ததும் மைதானத்திலும் வெளியிலும் கொண்டாட்டமாகச் சுட ஆரம்பித்துவிட்டார்கள். எதிரணி ராச்செஸ்டரின் ஃபிராங்க் வெர்டி மூன்றாம் பேஸ் பக்கம் நின்றிருந்தார், ஒரு குண்டு அவர் தொப்பியில் பட்டது. உள்ளே பிளாஸ்டிக் காப்பு வைத்திருந்ததால் தப்பித்தார். ஹவானாவின் ஷார்ட்ஸ்டாப் லியோ கார்டெனாஸின் தோளை இன்னொரு குண்டு உரசிப்போனது. ராச்செஸ்டர் அணி அதற்கு மேல் ஆடாமல் ஊர் திரும்பியது.

அப்போ அவர் கியூபாவுல இருந்து தப்பிச்சு வந்தவரா?

இப்போது நாம் செய்தியில் பார்க்கிற மாதிரி படகேறித் தப்பித்தவர் இல்லை. அவர் ஏற்கெனவே அமெரிக்க அமைப்புக்குள் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர், சீசனுக்கு அங்கே, சீசன் முடிந்தால் ஊர் என்று போய்வந்த தலைமுறை. மாறியது நாடுகளின் உறவு. 1960 ஜூலையில் ஷுகர் கிங்ஸை, சீசனின் நடுவிலேயே, ஹவானாவிலிருந்து எடுத்து நியூ ஜெர்சியின் ஜெர்சி சிட்டிக்குக் கொண்டுபோனார்கள். 1961 ஜனவரியில் அமெரிக்கா தூதரக உறவை முறித்தது. அந்தக் குளிர்காலத்தோடு கியூபாவின் தொழில்முறை லீக்கும் முடிந்தது.

அதாவது ஒரு பக்கம் வேலை, இன்னொரு பக்கம் வீடு, நடுவில் கதவு சாத்தப்பட்டது. ரோஹாஸ், கார்டெனாஸ், டோனி டெய்லர், டோனி ஒலிவா எல்லாருக்கும் இதே கதைதான். இருபது, இருபத்திரண்டு வயதில் ‘இந்தத் தடவை போனால் திரும்ப எப்போது’ என்று தெரியாமல் கிளம்பியவர்கள். இவர்களுடைய ஆட்டக் கணக்கைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

சின்சினாட்டியில ஏன் நிலைக்கல?

முதல் மேஜர் லீக் ஆட்டம் 1962 ஏப்ரல் 10, லாஸ் ஏஞ்சலஸில். டாட்ஜர் ஸ்டேடியம் திறக்கப்பட்ட நாளும் அதுதான். ஆரம்பம் பெரிதாக இருந்தது, தொடர்ச்சி இல்லை. அந்த வருடம் 39 ஆட்டங்கள், பேட்டிங் 0.221, அதாவது நூறு முறை பேட் செய்தால் சுமார் 22 ஹிட். இரண்டாம் பேஸில் டான் பிளாசிங்கேம் இருந்தார், அடுத்த வருடம் பீட் ரோஸ் என்ற உள்ளூர்ப் பையன் வந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டார். ரோஸ் வருவதற்கு முன்பே, 1962 நவம்பரில், ரோஹாஸை ஜிம் ஓவன்ஸ் என்ற பிட்சருக்குப் பதிலாக பிலடெல்பியாவுக்கு அனுப்பிவிட்டார்கள்.

பிலடெல்பியாவின் மேனேஜர் யார்? ஜீன் மாக். 1959 தொடரில் எதிர்ப் பக்கம் உட்கார்ந்து ஏழு ஆட்டங்கள் பார்த்தவர்.

மாக் அவர்கிட்ட என்ன கண்டார்?

மாக்கே ஒரு யுட்டிலிட்டி இன்ஃபீல்டராக இருந்தவர்! ஒன்பது சீசன்களில் ஆறு அணிகள், மொத்தம் 304 ஆட்டங்கள், பேட்டிங் 0.239. பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் படித்த மனிதர் மேனேஜரானால் என்ன செய்வார்? பெஞ்சைப் பயன்படுத்துவார். எதிர்ப் பிட்சர் இடக்கையா வலக்கையா என்று பார்த்து ஆளை மாற்றுவார், ஏழாவது இன்னிங்ஸில் இரண்டு பேரை ஒன்றாக மாற்றி பேட்டிங் வரிசையைத் திருப்பிப் போடுவார். அப்படிப்பட்டவருக்கு எங்கே வேண்டுமானாலும் நிற்கக்கூடிய ஒருவர் கிடைத்தால் கையில் இரண்டு மூன்று ஆள் அதிகம் இருப்பது மாதிரி. அப்போது அணியில் 25 இடம்தான், அதில் பிட்சர்களே பத்துப் பேர் வந்துவிடுவார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் 1964 ஜூன் 21, நியூயார்க் ஷே ஸ்டேடியம். ஜிம் பன்னிங் பெர்ஃபெக்ட் கேம் போட்ட நாள், அதாவது வந்த 27 பேரில் ஒருவரையும் பேஸுக்கு விடாமல் முடித்த ஆட்டம். அன்று ரோஹாஸ் ஷார்ட்ஸ்டாப்பாக ஆரம்பித்தார். நடுவில் இடது ஃபீல்டில் நின்ற வெஸ் கவிங்டனுக்குப் பதிலாக பாபி வைன் ஓட வந்தார். வைன் ஷார்ட்ஸ்டாப்பில் கெட்டிக்காரர், அதனால் அவரை அங்கே நிறுத்திவிட்டு ரோஹாஸை இடது ஃபீல்டுக்கு அனுப்பினார் மாக். ஒரு பந்து தவறினாலும் சரித்திரமே போய்விடும் என்ற நாளில், உள்ளிருந்து வெளியே போய் நில் என்கிறார், இவரும் போய் நிற்கிறார். அந்த நம்பிக்கையை நினைத்துப் பாருங்கள்.

1964-ல ஃபில்லீஸ் ஜெயிக்க வேண்டியதைக் கோட்டை விட்டதா சொல்றாங்களே, அது இவர் இருந்த அணியா?

அதே அணிதான். 12 ஆட்டங்கள் மிச்சம் இருக்கும்போது ஆறரை ஆட்ட முன்னிலை. அங்கிருந்து தொடர்ச்சியாகப் பத்துத் தோல்வி. செயின்ட் லூயிஸ் முதலிடம் பிடித்தது, ஒரே ஆட்ட வித்தியாசத்தில் பிலடெல்பியாவும் சின்சினாட்டியும் இரண்டாவது. அந்த ஊரில் வயதானவர்களிடம் இன்றைக்கும் 64 என்று சொன்னால் போதும்.

இதில் ஒரு விஷயம் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது. பத்துத் தோல்வியில் முதலாவது செப்டம்பர் 21, சின்சினாட்டியோடு, 1-0. அந்த ஒரே ரன் எப்படி வந்தது? ஆறாவது இன்னிங்ஸில் இரண்டு அவுட், பேட்டிங்கில் ஃபிராங்க் ராபின்சன் மாதிரி ஒரு பெரிய ஆள் நிற்கிறார், மூன்றாம் பேஸிலிருந்து சிக்கோ ரூயிஸ் யாரும் எதிர்பார்க்காமல் வீட்டுப் பேஸை (அதைத் தொட்டால் ரன்) நோக்கி ஓடிவிட்டார். பிட்சர் ஆர்ட் மஹாஃபி பதறிப்போய் எறிய, பந்து கேட்சருக்கு எட்டாமல் போனது. சிக்கோ ரூயிஸ் யார் என்றால் அவரும் கியூபாக்காரர், அவரும் யுட்டிலிட்டி இன்ஃபீல்டர், சின்சினாட்டியில் அதே வேலையைப் பார்த்தவர். நிரந்தர ஆளுக்குக் காயம்பட்டுத் தன்னைத் தினமும் ஆடவிட்டபோது, ‘என்னைப் பெஞ்சில் உட்காரவை, இல்லாவிட்டால் விற்றுவிடு’ என்று சொல்லிச் சிரிக்கவைத்த மனிதர். 1972 பிப்ரவரியில் கார் விபத்தில் இறந்தபோது வயது 33தான்.

டோனி டெய்லர் செகண்ட் பேஸ்ல இருக்கும்போது இவருக்கு எப்படி இடம் கிடைச்சுது?

கிடைத்த இடத்தை எல்லாம் எடுத்துக்கொண்டு. 1964-இல் இரண்டாம் பேஸ் டெய்லருடையது, அவரும் கியூபாக்காரர், ஊரே கொண்டாடிய ஆள். ரோஹாஸ் அவுட்ஃபீல்டு, ஷார்ட்ஸ்டாப், கேட்சர் என்று சுற்றிச் சுற்றி 109 ஆட்டங்களில் 0.291 அடித்தார். 1965-இல் 0.303. இப்படி அடிக்கிறவரை வெளியே வைக்க முடியுமா? அந்த வருடம் ஆல்ஸ்டார் ஆனார், மெதுவாக இரண்டாம் பேஸ் இவர் கைக்கு வந்தது. காலம் எப்படித் திரும்பியது பாருங்கள், அதற்கப்புறம் டெய்லர்தான் அங்கேயும் இங்கேயுமாக நிற்கும் யுட்டிலிட்டி ஆளாக மாறினார். அவரும் முகம் சுளிக்காமல் செய்தார். ஷார்ட்ஸ்டாப்பில் பாபி வைன், இரண்டாம் பேஸில் ரோஹாஸ் என்ற ஜோடியைப் பிலடெல்பியாக்காரர்கள் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

கர்ட் ஃப்ளட் வழக்குக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம், ஆனால் புத்தகங்களில் ஒரு வரிக்குள் போய்விடும். 1969 அக்டோபரில் ஃபில்லீஸும் கார்டினல்ஸும் ஏழு பேரைக் கைமாற்றினார்கள். பிலடெல்பியாவிலிருந்து டிக் ஆலன், ரோஹாஸ், ஜெர்ரி ஜான்சன். செயின்ட் லூயிஸிலிருந்து கர்ட் ஃப்ளட், டிம் மெக்கார்வர், ஜோ ஹோர்னர், பைரன் பிரவுன். ஃப்ளட் ‘போகமாட்டேன்’ என்றார். அந்தக் காலத்தில் ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அணியின் சொத்து மாதிரிதான், எங்கே அனுப்பினாலும் போக வேண்டும் அல்லது ஆட்டத்தை விட வேண்டும். தன்னை வாங்கி விற்கும் பொருளாக நடத்தக் கூடாது என்று பேஸ்பால் கமிஷனருக்கு எழுதி, வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய் 1972-இல் 5-3 என்று தோற்றார். ஆனால் அவர் திறந்துவிட்ட வாதம்தான் சில வருடங்களில் ஆட்டக்காரர்களுக்குத் தாங்களே அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கிடைக்க வழி செய்தது.

ஃப்ளட்டின் துணிச்சலை நான் தலைவணங்கிப் படிக்கிறேன். அதே நேரத்தில், மறுப்பேதும் சொல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிய ரோஹாஸைக் குறைவாக நினைக்கவும் எனக்கு மனசு வரவில்லை. திரும்பிப் போக ஊர் இல்லாத, 31 வயதைத் தொடப்போகிற, 1969-இல் 0.228 அடித்த ஒருவருக்கு அந்தப் பேரம் பேச என்ன இருந்தது?

செயின்ட் லூயிஸ்ல என்ன ஆச்சு?

ஒன்றும் நடக்கவில்லை. அங்கே இரண்டாம் பேஸில் ஹுலியான் ஹாவியர் இருந்தார். ரோஹாஸ் 23 ஆட்டங்களில் தலைகாட்டினார், 0.106. 1970 ஜூனில் கான்சாஸ் சிட்டிக்கு அனுப்பினார்கள். பதிலுக்கு வாங்கிய ஃபிரெட் ரிக்கோ அதன்பின் மேஜர் லீக்கில் ஆடவே இல்லை. அதாவது ரோஹாஸை ஏறக்குறைய இலவசமாகக் கொடுத்தார்கள்.

முடிஞ்சு போனவர்னு நினைச்ச ஆள் எப்படி நாலு வருஷம் தொடர்ந்து ஆல்ஸ்டார் ஆனார்?

ராயல்ஸ் 1969-இல்தான் உருவான அணி, இரண்டாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. சின்னப் பையன்கள் நிறைய, ஆட்டம் தெரிந்தவர்கள் குறைவு. அங்கே போனவுடன் ‘இரண்டாம் பேஸ் உன்னுடையது, தினமும் நில்’ என்றார்கள். 31 வயதில் மறுபடி ஒரு நிரந்தர இடம்! 1971-இல் சரியாக 0.300 அடித்தார், ஃபீல்டிங்கில், மேஜர் லீக்கின் இரு பாதிகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் இரண்டாம் பேஸ்காரர்களில் முதலிடம், ஷார்ட்ஸ்டாப்பில் குள்ளமான, துறுதுறுவென்ற ஃப்ரெடி பட்டேக் வந்து சேர்ந்தார். அந்த வருடம் ராயல்ஸ் தன் பிரிவில் இரண்டாம் இடம், பிறந்து மூன்றே வருடத்தில். 1971 முதல் 1974 வரை நான்கு ஆல்ஸ்டார் தேர்வுகளும் ராயல்ஸ்காரராகத்தான்.

என் கணிப்பு இது: ஒன்பது இடத்திலிருந்தும் ஆட்டத்தைப் பார்த்த கண் அவருக்கு இருந்தது. அவுட்ஃபீல்டர் எறிவது எங்கே விழும், கேட்சர் என்ன நினைப்பார், மூன்றாம் பேஸ்காரருக்கு எது கஷ்டம் என்று தானே நின்று பார்த்தவருக்கு, ஓர் இடத்தில் நிலையாக நின்றபோது அது அத்தனையும் கைகொடுத்தது.

அந்த ஆல்ஸ்டார் ஹோம் ரன் கதை என்ன?

1972 ஜூலை 25, அட்லாண்டா. அமெரிக்கன் லீக், நேஷனல் லீக் என்ற இரு பாதிகளின் ஆல்ஸ்டார்கள் மோதிய ஆட்டம். ஹாங்க் ஆரன் தன் சொந்த மைதானத்தில் ஹோம் ரன் அடித்து, அதாவது பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி, நேஷனல் லீக்கை 2-1 முன்னால் வைத்திருந்தார், கூட்டம் ஆரவாரத்தில். எட்டாவது இன்னிங்ஸில் ரோட் கேருவுக்குப் பதிலாக பேட் பிடிக்க ரோஹாஸை அனுப்பினார்கள். கேரு பேட்டிங்கில் மேதை, அவருக்குப் பதிலாக இந்தக் கண்ணாடிக்காரரா என்று யாரும் கேட்டிருக்கலாம். மான்ட்ரியலின் பில் ஸ்டோன்மன் போட்ட பந்தை ரோஹாஸ் வேலிக்கு வெளியே அனுப்பினார், பேஸில் இருந்த கார்ல்டன் ஃபிஸ்கையும் சேர்த்து இரண்டு ரன், அமெரிக்கன் லீக் 3-2. கடைசியில் பத்தாவது இன்னிங்ஸில் ஜோ மோர்கன் அடித்து நேஷனல் லீக்தான் ஜெயித்தது. வாழ்நாள் முழுக்க 54 ஹோம் ரன்தான் அடித்தவர், அந்த ராத்திரி அடித்தது அந்தக் கணக்கில்கூடச் சேராது.

0.263 எல்லாம் ஒரு பேட்டிங்கா?

மொத்தக் கணக்கு 0.263தான், நூறு முறை பேட் செய்தால் 26 ஹிட். நட்சத்திர எண் இல்லை, மறுக்கவில்லை. ஆனால் 1960-களில் பிட்சர்கள் ராஜாக்கள், 1968-இல் நிலைமை மோசமாகி பிட்சர் மேடையின் உயரத்தையே குறைத்தார்கள். இரண்டாம் பேஸில் நல்ல ஃபீல்டிங் கொடுத்தவர் இவ்வளவு அடித்தால் அந்தக் காலத்தில் திருப்தியான கணக்கு. பிட்சர் சரியாகப் போடாததால் அடிக்காமலே பேஸுக்கு நடந்து போவது குறைவு, அடியில் பலம் குறைவு, இன்றைய அளவுகோல்கள் அதற்காக அவரைக் கீழே தள்ளும். அந்த விமர்சனம் நியாயமானதுதான்.

உலகத் தொடர்ல ஆடினாரா?

இல்லை, 1,822 ஆட்டங்கள் ஆடியும் மேஜர் லீக்கின் அந்த இறுதித் தொடரில் ஒன்றுகூட இல்லை. ரெட்ஸ் 1961-இல் போனது, இவர் வந்தது 1962. ஃபில்லீஸ் கதை மேலே சொல்லிவிட்டேன். கார்டினல்ஸ் 1964, 1967, 1968-இல் போனது, இவர் போய்ச் சேர்ந்தது 1970. ராயல்ஸ் 1976, 1977 இரண்டு வருடமும் பிரிவை ஜெயித்து நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றது. உலகத் தொடருக்கு அது போனது 1980-இல், இவர் ஓய்வு பெற்று மூன்று வருடம் கழித்து. 2000-இல் நியூயார்க் மெட்ஸின் மூன்றாம் பேஸ் பயிற்சியாளராகத்தான் அந்த மேடையைத் தொட்டார், அங்கேயும் யாங்கீஸிடம் தோல்வி.

மேனேஜராகவும் இருந்தாராமே?

1988-இல் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்கு. எப்படி வந்தது தெரியுமா? சீசன் தொடங்கும் முன், பயிற்சி முகாமில், அப்போதைய மேனேஜர் உடல்நிலை காரணமாக விலகினார். அந்த மேனேஜர் ஜீன் மாக். 1959-இல் ஹவானாவில் எதிரணியில் இருந்து, பிலடெல்பியாவுக்குக் கூட்டிப்போய், ஒன்பது இடத்திலும் நிற்கவைத்த அதே மாக். மேஜர் லீக்கில் 26 சீசன்கள் மேனேஜராக இருந்தும் ஒருமுறைகூட லீக் கோப்பையை ஜெயிக்காத அந்த மனிதரின் நாற்காலி ரோஹாஸிடம் வந்தது.

75 வெற்றி, 79 தோல்வி. எட்டு ஆட்டங்கள் மிச்சமிருக்கும்போது நீக்கிவிட்டார்கள். அவருக்குப் பின் வந்தவர் அந்த எட்டிலும் தோற்றார். முழு சீசனையாவது முடிக்க விட்டிருக்கலாம் என்றுதான் எனக்கு இன்னும் தோன்றுகிறது. பின்னாட்களில் மயாமியில் மார்லின்ஸ் அணியின் ஸ்பானிஷ் ஒளிபரப்பில் வர்ணனை செய்தார். மகன் விக்டரும் வர்ணனையாளரானார், இன்னொரு மகன் மைக் பயிற்சியாளரானார்.

ஹால் ஆஃப் ஃபேம்ல இருக்காரா?

சாதனையாளர்களுக்கு மரியாதை செய்யும், கூப்பர்ஸ்டவுனில் உள்ள பொது ஹால் ஆஃப் ஃபேமில் இல்லை, இருக்க வேண்டும் என்று நானும் வாதாடமாட்டேன். ராயல்ஸ் தன் சொந்த ஹால் ஆஃப் ஃபேமில் 1987-இல் சேர்த்தது.

இப்போ அவரை மாதிரி கியூபா ஆட்கள் யாராவது இருக்காங்களா?

ஆன்டி இபான்யெஸ் பெயரைத் தேடிப் பாருங்கள். 2024 அக்டோபர் 2, ஹியூஸ்டனில் பிளேஆஃப் ஆட்டம், எட்டாவது இன்னிங்ஸ், டெட்ராய்ட்டுக்காகப் பெஞ்சிலிருந்து வந்து ஜாஷ் ஹேடரை அடித்த அடியில் மூன்று பேர் ஓடி வந்தார்கள், 5-2, தொடர் முடிந்தது. ஆலெட்மிஸ் டியாஸ் 2022-இல் உலகத் தொடரை ஜெயித்த ஹியூஸ்டன் அணியில் அதே வேலை பார்த்தவர். வேலைக்கு இப்போது மரியாதையும் கூடியிருக்கிறது, 2022 முதல் சிறந்த ஃபீல்டிங்குக்குத் தரும் கோல்டு குளோவ் விருதில் யுட்டிலிட்டி என்றே தனிப் பிரிவு உண்டு. ரோஹாஸ் காலத்தில் இருந்திருந்தால் 1964-இலோ 1965-இலோ வாங்கியிருப்பார் என்பது என் ஆசை கலந்த கணிப்பு.

1,400 ஆட்டத்துக்கு மேல செகண்ட் பேஸ்ல நின்னவரை யுட்டிலிட்டி ஆள்னு சொல்றது தப்பில்லையா?

என்னிடம் கேட்டதிலேயே நல்ல கேள்வி இதுதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் தப்புதான், அவர் இரண்டாம் பேஸ்காரர். ராயல்ஸ் ரசிகரிடம் யுட்டிலிட்டி என்று சொன்னால் கோபப்படுவார். ஆனால் அந்த இடத்துக்கு அவர் வந்த வழியைப் பார்த்தால் 1962 முதல் 1965 வரை, முழு நான்கு வருடம், தனக்கென்று இடம் இல்லாமல் எல்லார் இடத்திலும் நின்றுதான் வந்தார்.

போன வழியும் அதுதான். 1970-களின் நடுவில் ராயல்ஸ் தானே வளர்த்த ஃபிராங்க் ஒயிட் தயாராகிவிட்டார், பின்னாளில் எட்டு கோல்டு குளோவ் வாங்கிய ஃபீல்டர். அவருக்கு இடம் விட்டு ரோஹாஸ் மறுபடி பெஞ்சுக்குப் போனார். 1977, வயது 38, கடைசி சீசன்: ஒருநாள் மூன்றாம் பேஸ், ஒருநாள் இரண்டாம் பேஸ், ஒருநாள் பேட் மட்டும். கூப்பிட்ட இடத்தில் போய் நின்றார்.